மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் சிறு குழந்தையைத் தத்தெடுத்து வளர்ப்பது: கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் முழுமையாக வளராத குழந்தைகள், பிறவியிலேயே இதயக் குறைபாடு உள்ளவர்கள், அடிக்கடி வலிப்பு வருபவர்கள், வாய்வழியாகப் பால் குடிக்க முடியாமல் குழாய் வழியாக உணவு பெறுபவர்கள் எனப் பலர் தத்து நிறுவனங்களில் பெற்றோருக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை வீட்டுக்கு அழைத்துவரலாமா என்று யோசிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மகள் 28 வாரத்தில் பிறந்தவள். கோபிக்கு (கோபிசெட்டிபாளையம்) அருகேயுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தபோது மூக்கில் ரைல்ஸ் டியூப்பும் (மூக்கு வழியாக இரைப்பைக்குப் பால் செல்லும் குழாய்) ஆக்சிஜன் குழாயும் இருந்தன. இப்போது இரண்டும் இல்லை.

இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளிலும் நான் ஒன்றையே வலியுறுத்துவேன். குழந்தையின் பராமரிப்பு முழுவதையும் வீட்டில் குறைந்தது மூன்று பேர் செய்யக் கற்றிருக்க வேண்டும். தாய் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த பராமரிப்பு அவளுக்குக் காய்ச்சல் வரும் நாளில் நின்றுபோகும். குழந்தையின் நோயைவிட இந்த ஏற்பாட்டுக் குறைதான் பல குடும்பங்களைத் தளர வைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

பதிவு செய்வதற்கு முன் வீட்டில் பேச வேண்டியவை

கணவன் மனைவி இருவரில் ஒருவர் மற்றவரை வற்புறுத்தி அழைத்துச் செல்லும் நிலை இருந்தால் பதிவைத் தள்ளிப்போடுங்கள். இருவரும் மனம் ஒத்தபின், அந்த மூன்று பேர் யார் என்று பெயர் சொல்லித் தாளில் எழுதுங்கள். தோட்டத்து வீடுகளில் விடியற்காலை பால் கறக்கும் நேரத்தில் பெரியவர்கள் எல்லோரும் மாட்டுக் கொட்டகையில் இருப்பார்கள். திருப்பூர், சோமனூர்ப் பக்கம் ஷிப்ட் மாறும் நேரத்தில் வீடு காலியாகிவிடும். அந்தந்த மணி நேரத்தில் குழந்தையின் அருகில் யார் இருப்பார் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். "எல்லாரும் பாத்துக்கலாங்க" என்ற பதில் அன்பால் வருவதுதான் என்றாலும், அது ஏற்பாடு ஆகாது.

மாமனார், மாமியார், பெற்றோர் ஆகியோரிடம் எதையும் மென்று விழுங்காமல் சொல்லிவிடுங்கள். குழந்தை பலமுறை மருத்துவமனையில் சேர வேண்டியிருக்கலாம், நடையும் பேச்சும் தாமதமாகலாம், சில நோய்களில் உயிரிழப்பும் நேரலாம். இவற்றை முன்கூட்டியே கேட்டவர்கள் பின்னால் உறுதியாக நிற்கிறார்கள். குழந்தையின் பூர்வீகம் பற்றிய கேள்வியும் இந்த நிலையிலேயே எழட்டும். அதைப் பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

சட்டப்படியான ஒரே வழி

கைவிடப்பட்ட அல்லது ஒப்படைக்கப்பட்ட குழந்தையைத் தத்தெடுப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழும், 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின் கீழும் நடக்கிறது. காரா எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். தம்பதியர் இரண்டு ஆண்டுகளாவது நிலையான மணவாழ்வில் இருந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருவரின் வயதுக் கூட்டுத்தொகை 85-ஐயும், இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைக்கு 90-ஐயும் தாண்டக்கூடாது. தனி நபருக்கு இந்த வரம்புகள் முறையே 40, 45. குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே குறைந்தது 25 ஆண்டு வயது வேறுபாடு தேவை. ஏற்கெனவே இரண்டு குழந்தைகளோ அதற்கு மேலோ உள்ள தம்பதியர் சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கும், பெற்றோர் அமைவது கடினமான குழந்தைகளுக்கும் மட்டுமே விண்ணப்பிக்கலாம்.

பதிவுக்குப் பின் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை தயாரிப்பார். அதை ஒரு தேர்வாக நினைத்துப் பயப்பட வேண்டாம். வீட்டில் எந்த அறை, யார் யார் இருப்பார்கள், அருகில் எந்த மருத்துவமனை என்ற கேள்விகளுக்கு நீங்கள் முன்பே எழுதிவைத்த தாள் நேரடியாகப் பயன்படும். இதில் ஐயம் எழுந்தால் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம்.

வளர்ப்புப் பராமரிப்பு, தத்தெடுப்பு என்னும் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். 2024ஆம் ஆண்டின் மாதிரி வழிகாட்டுதல்களின்படி வளர்ப்புப் பராமரிப்பு பெரும்பாலும் ஆறு வயதைத் தாண்டிய குழந்தைகளுக்கானது. அதற்குக் குழந்தைகள் நலக் குழுவின் ஆணை வேண்டும். இரண்டு ஆண்டுகள் வளர்த்த குடும்பம் அந்தக் குழந்தை சட்டப்படித் தத்துக்கு உரியதாகும்போது விண்ணப்பிக்க வாய்ப்புண்டு. கைக்குழந்தை விஷயத்தில் நீங்கள் சந்திக்கப்போவது தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பு. குழந்தையை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்ட பிறகு, இறுதி ஆணை வரும்வரை குழந்தை உங்கள் வீட்டில் வளரும் காலம் இது. 2022 செப்டம்பர் முதல் இந்த ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார்; விண்ணப்பம் தாக்கலான இரண்டு மாதத்துக்குள் முடிவு எடுக்கப்பட வேண்டும் என்பது விதி.

"ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை இருக்குது, கையோட வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே விலகிவிடுங்கள். 2019ஆம் ஆண்டில் ராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை வழக்கு நம் பகுதியினர் மறக்கக்கூடியதன்று. குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனைக்கு உரிய குற்றம். அதோடு, அந்த வழியில் வரும் குழந்தைக்கு நம்பத்தகுந்த மருத்துவ ஆவணம் ஒன்றுகூட இருக்காது. யாரேனும் குழந்தையை வைத்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லுங்கள். 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டமும் அத்தகைய நிலைக்காக ஏற்பட்டதே.

மருத்துவ அறிக்கையை வாசிக்கும் முறை

குழந்தையைப் பற்றி இரண்டு அறிக்கைகள் தரப்படும்: ஒன்று குழந்தை ஆய்வறிக்கை, மற்றொன்று மருத்துவப் பரிசோதனை அறிக்கை. இரண்டாவதை நீங்கள் விரும்பும் மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க விதிகள் இடம் தருகின்றன. இந்த உரிமையைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். முடிவு சொல்லக் காலக்கெடு உண்டு என்பதால், பதிவு செய்யும்போதே ஒரு குழந்தை மருத்துவரிடம் பேசி, அறிக்கை வந்தால் பார்த்துச் சொல்வாரா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் "குழந்தை நல்லாயிருமா?" என்று மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். ஒரு சாதாரண நாளில் இந்தக் குழந்தைக்கு என்னென்ன செய்ய வேண்டியிருக்கும், எந்த அறிகுறி வந்தால் எவ்வளவு நேரத்துக்குள் மருத்துவமனையை அடைய வேண்டும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் எந்த அறுவைச் சிகிச்சைகள் வரக்கூடும், எந்தச் சோதனை இன்னும் செய்யப்படவில்லை ஆகியவற்றைக் கேளுங்கள். குறைமாதக் குழந்தை என்றால் விழித்திரைச் சோதனை, காது கேட்கும் திறன் சோதனை, தலை ஸ்கேன் ஆகிய மூன்றின் முடிவுகளும் ஃபைலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்குப் பிறந்த நான்கு வாரத்துக்குள் விழித்திரையைப் பார்த்திருக்க வேண்டும். அது நடந்ததற்கான தாள் இல்லையென்றால் உடனே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியை இரண்டு வயது வரை, பிறக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட்டே மதிப்பிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். "எட்டு மாசமாச்சு, இன்னும் குப்புற விழலையே" என்ற கவலையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

படித்த பிறகு உங்களால் முடியாது என்று தோன்றினால் மறுத்துவிடுங்கள். வீட்டுக்கு அழைத்துவந்தபின் திருப்பி அனுப்பப்படும் குழந்தை இரண்டாம் முறை கைவிடப்படுகிறது. அதற்கு முன்பே சொல்லப்படும் மறுப்பில் பழி எதுவும் இல்லை.

அழைத்து வருவதற்கு முன் கற்றுக்கொள்ள வேண்டியவை

எழுதிவைத்த மூன்று பேரும் தத்து நிறுவனத்துக்கோ மருத்துவமனைக்கோ மாறி மாறிச் சென்று, செவிலியர் அருகிலிருக்கத் தங்கள் கையாலேயே ஒவ்வொரு வேலையையும் செய்து பழக வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பது போதாது. செவிலியர் திருத்தம் ஏதும் சொல்லாத அளவுக்குச் செய்யத் தெரியும்வரை செல்லுங்கள்.

ரைல்ஸ் டியூப் வழியாகப் பால் கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மூக்கின் விளிம்பில் குழாயின் எந்த சென்டிமீட்டர்க் கோடு தெரிகிறது என்று பார்த்து, குறிப்பேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும். பிளாஸ்திரி பிரிந்திருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். சிரிஞ்சால் சிறிதளவு இரைப்பை நீரை இழுத்துச் சோதனைத் தாளில் விட்டு, அமிலத்தன்மை 5.5 அல்லது அதற்குக் கீழே இருப்பதைப் பார்த்த பின்பே பால் ஊற்ற வேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மருந்து சாப்பிடும் குழந்தைக்கு இந்த எண் மாறக்கூடும் என்பதால், அதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு, பால் தன் எடையில் மெல்ல இறங்கும்படி பிடிக்க வேண்டும். அவசரத்தில் அழுத்தித் தள்ளக் கூடாது. இருமலோ, உதட்டில் நீலமோ தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். முடிந்தபின் மருத்துவர் சொன்ன அளவு தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவி, அரைமணி நேரம் குழந்தையைப் படுக்கவிடாமல் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். குழாய் எங்கே இருக்கிறது என்பதில் சிறு சந்தேகம் இருந்தாலும் அந்த வேளைப் பாலை நிறுத்திவிட்டு மருத்துவமனையைக் கேட்பதே சரி. எங்கள் வீட்டில் இந்த வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருந்தோம். தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் நினைவை நம்பாமல் சுவரைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

இதய நோயுள்ள குழந்தை, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்த குழந்தை, வலிப்புள்ள குழந்தை ஒவ்வொருவருக்கும் வரிசை வேறு. கற்கும் முறை ஒன்றுதான். இந்தக் காலத்தில் இன்னொன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஆணை வருவதற்கு முன் குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் சம்மதக் கையெழுத்தை யார் இடுவது என்பதை. நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளக் கூடாது.

வீட்டைத் தயார் செய்தல்

மின்சாரம்தான் முதல் வேலை. நம் ஊர்களில் மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை கரன்ட் நிறுத்தப்படுவது வழக்கம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் மெஷின் சுமார் 350 வாட் எடுக்கும். 150 ஏ.எச். பேட்டரி ஒன்று உள்ள இன்வெர்ட்டர் புதிதாக இருக்கும்போது அதை ஏறக்குறைய நான்கு மணி நேரமே ஓட்டும். அதாவது மதியம் ஒரு மணிக்கு மெஷின் நின்றுவிடும். எனவே சிலிண்டர் இல்லாமல் கான்சன்ட்ரேட்டரை மட்டும் நம்பக் கூடாது. பி டைப் சிலிண்டரில் ஏறக்குறைய 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் கொடுத்தால் 25 மணி நேரம் வரும், அரை லிட்டர் என்றால் அதைப் போல் இரு மடங்கு. உங்கள் குழந்தையின் அளவை வைத்துக் கணக்கிட்டுச் சிலிண்டரின் மீதே எழுதி ஒட்டுங்கள். மின்தடை அறிவிப்பை நாளிதழில் பார்த்து முதல் நாளே சொல்வதை வீட்டில் ஒருவருடைய பொறுப்பாக்குங்கள். உள்ளூர் மின்வாரிய அலுவலகத்தில் குழந்தையின் நிலையை விளக்கி, மருத்துவர் கடிதத்துடன் ஒரு மனுவும் கொடுத்து வையுங்கள். எங்கள் பகுதி லைன்மேன் ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே போன் செய்து சொன்னார்; அந்த நன்றியை நான் மறப்பதில்லை.

ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, அடுப்பு எதுவும் கூடாது. பூஜை அறை அடுத்ததாக இருந்தால் குழந்தையின் கட்டிலைக் குறைந்தது பத்தடிக்கு அப்பால் போடுங்கள். குழந்தையின் முகத்திலும் மூக்கருகிலும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவக் கூடாது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் அவை தீப்பிடிக்கும் ஆபத்தைக் கூட்டும்.

அடுத்தது தூசி. விசைத்தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் தூசி கண்ணுக்குத் தெரியாமல் திரைச்சீலையிலும் மெத்தையிலும் படிந்துகொண்டே இருக்கும். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் மெருகேற்றும் களம், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தொழிற்கூடம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை இவை அருகில் இருந்தால் காற்று வரும் திசையைப் பார்த்து, எதிர்ப்புறத்தில் உள்ள அறையைத் தேர்ந்தெடுங்கள். ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசத் தொடங்கும் மாதங்களில் இளைப்பு அதிகமாவதைக் கோவைப் பக்கத்துத் தாய்மார்கள் நன்றாக அறிவார்கள். அந்த நாட்களில் சன்னல் அடைப்பதும் ஈரத்துணியால் தரை துடைப்பதும் தவறக் கூடாது. தறியிலிருந்து வருபவர் குளித்து உடை மாற்றிய பின்பே குழந்தையைத் தூக்க வேண்டும்.

ஒரு குறிப்பேடு

கட்டிலருகே நூலில் கட்டித் தொங்கும் ஒரே குறிப்பேடு போதும். செயலிகளில் சிலர் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் மாமியாரும் பக்கத்து வீட்டு அக்காவும் எழுதக்கூடியது நோட்டுதான். முதல் பக்கத்தில் நோய், மருந்துகளின் பெயரும் மில்லி அளவும், ஒவ்வாமை, மருத்துவர்களின் எண்கள், குழந்தையின் எடை ஆகியவை இருக்கட்டும். எடை கூடும்போது மருந்தின் அளவும் மாறும் என்பதால் அந்தப் பக்கத்தை ஒவ்வொரு பரிசோதனைக்குப் பின்னும் புதிதாக எழுதுங்கள். அடுத்த பக்கங்களில் பால் கொடுத்த நேரமும் அளவும், சிறுநீர், மலம், வாந்தி, மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிமீட்டர் அளவு, கொடுத்தவரின் பெயர். மருந்து கொடுத்தவர் கொடுத்த உடனே எழுத வேண்டும். ஒருவர் கொடுத்ததை அறியாமல் இன்னொருவர் மீண்டும் கொடுப்பதைத் தடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

மூச்சை எண்ணுவதை வீட்டில் எல்லோரும் கற்கலாம். குழந்தை அமைதியாகவோ தூங்கிக்கொண்டோ இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற அளவைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ள குழந்தைக்கு அதன் வழக்கமான எண்ணே கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்பதால், உங்கள் குழந்தைக்கான எல்லையை மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். என் மாமனார் எழுபதைக் கடந்தவர். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு, கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளையும் பேத்தியின் வயிறு ஏறி இறங்குவதையும் மாறி மாறிப் பார்த்து எண்ணுவார். ஒரு பின்னிரவில் அவர்தான் என்னை எழுப்பி, "அம்மிணி, பாப்பாவுக்கு மூச்சு அறுபத்திரண்டு வருது, விலாவும் உள்ள இழுக்குது, எந்திரிம்மா" என்றார். நிமோனியா தொடக்க நிலையிலேயே தெரிந்துவிட்டது. அன்று அவர் மருத்துவரிடம் நோட்டைக் காட்டியபோது, முந்தைய மூன்று நாட்களின் எண்களைப் பார்த்தே மருத்துவர் சிகிச்சையைத் தீர்மானித்தார்.

அவசர நேரம்

கதவருகே ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும்: மருத்துவ ஃபைலின் நகல், இரண்டு நாள் மருந்து, மாற்றுக் குழாய், சிரிஞ்சு, ஆக்ஸிமீட்டர், சார்ஜர், துணி, கொஞ்சம் ரொக்கம், தத்து ஆவணங்களின் நகல். கோபியிலிருந்து கோவைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். எங்கள் நிலையில் உள்ளவர்கள் முதலில் எந்த மருத்துவமனையில் குழந்தையை நிலைப்படுத்துவது, பிறகு எங்கே கொண்டுசெல்வது என்பதை மருத்துவரோடு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். பெருந்துறை, கோவை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உங்களுக்கு அருகில் இருப்பதை ஒருமுறை பகலில் சென்று பார்த்து, குழந்தைகள் அவசரப் பிரிவு எந்த வாசலில் உள்ளது என்று தெரிந்துகொள்ளுங்கள். 108 ஆம்புலன்ஸை அழைக்கும்போது குழந்தைக்கு ஆக்சிஜன் ஓடுகிறது என்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்தருகே துணியைத் தளர்த்தி, மணியைப் பாருங்கள். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வைக்கக் கூடாது. கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் மருத்துவர் எழுதிக்கொடுத்துள்ள அவசர மருந்தைச் சொன்ன அளவில் கொடுத்து உடனே 108-ஐ அழையுங்கள்.

உறவினர், சடங்கு, வீட்டு வைத்தியம்

கொங்கு வீடுகளில் குழந்தை வந்த செய்தி கேட்டு மாமன் வீட்டார், பங்காளிகள், தோட்டத்துப் பக்கத்துக்காரர்கள் என்று வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களின் அன்பு தேவைதான். ஆனால் நுரையீரல் நலிந்த குழந்தைக்கு ஒருவரின் சாதாரணச் சளியே மருத்துவமனை அளவுக்குக் கொண்டுபோய்விடும். திண்ணையில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்து, "கை கழுவிட்டு வாங்க" என்று பெரியவர் ஒருவரைச் சொல்ல வையுங்கள். மருமகள் சொன்னால் வருத்தமாகும் வார்த்தை, மாமியார் சொன்னால் வீட்டு வழக்கமாகிவிடும். வீட்டில் உள்ள எல்லோரும் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

சேனை வைக்கிறேன் என்று தேன் தொட்டு வைப்பது ஒரு வயதுக்குள் கூடாது. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிரி கைக்குழந்தைக்குக் கொடிய நஞ்சாகும். மூக்கில் எண்ணெய் விடுவது, வசம்பு உரைத்து ஊற்றுவது, குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவது, தொக்கம் எடுப்பது (தொண்டையிலோ வயிற்றிலோ சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வழக்கம்) ஆகிய நான்கையும் இந்தக் குழந்தைக்கு முழுமையாக விலக்க வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். புகை மூச்சுக் குழாயைச் சுருக்கும். இதைச் சொல்லும்போது அமுச்சியின் (அம்மாவைப் பெற்ற பாட்டி) கையை வெறுங்கையாக விட்டுவிடாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் காட்டிய பயிற்சியை அவரிடம் ஒப்படைக்கலாம். எங்கள் அம்மா தாலாட்டுப் பாடிக்கொண்டே பேத்தியின் கால்களை நீட்டி மடக்கிய பயிற்சிக்குக் குழந்தை எங்கள் யாரிடமும் காட்டாத ஒத்துழைப்பைக் காட்டியது.

நோம்பிக் (திருவிழா) கூட்டங்களையும், பண்ணாரி குண்டம் என்னும் தீமிதி விழா போன்ற பெருந்திரளையும் முதல் ஆண்டுகளில் தவிர்த்துவிடுங்கள். குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் மருத்துவர் சரி என்ற பிறகு, கூட்டமில்லாத நாளில் நடக்கட்டும். இதய நோயுள்ள குழந்தைக்குக் காது குத்துமுன் இதய மருத்துவரிடம் கேட்பது கட்டாயம். அந்தச் சடங்கைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்வேன். "எந்தக் கூட்டத்துப் பிள்ளைங்க?" என்று குலத்தைக் கேட்கும் கேள்விக்குச் சட்டம் தெளிவாக விடை சொல்கிறது: தத்து ஆணை பிறப்பிக்கப்பட்ட நாளிலிருந்து அவள் உங்கள் வயிற்றில் பிறந்த பிள்ளைக்குரிய எல்லா உரிமைகளும் உடையவள். ஊர் அந்த விடையை ஏற்பது, தாய்மாமன் மடியில் அவள் உட்காரும்போதுதான். என் அண்ணன் மடியில் உட்கார்ந்து எங்கள் மகள் காது குத்திக்கொண்ட பிறகு அந்தக் கேள்வியை எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

மூத்த குழந்தையும் கணவன் மனைவியும்

வீட்டில் ஏற்கெனவே பிள்ளை இருந்தால், ஆம்புலன்ஸ் வரும் இரவுகளில் அந்தப் பிள்ளை யாரோடு இருக்கும் என்பதை முன்பே அதனிடம் சொல்லி வையுங்கள். எங்கள் மகன் ஒருநாள், "பாப்பா செத்துருவாளாம்மா?" என்று கேட்டான். அத்தகைய கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது. "அவளுக்கு மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது, டாக்டர்கள் உதவி செய்கிறார்கள், என்ன நடந்தாலும் உன்னிடம் சொல்லுவோம்" என்று சொல்லலாம். தங்கையின் வேலையில் அவனுக்குப் பொருத்தமான சிறு பங்கு கொடுங்கள், பொறுப்பைச் சுமத்தாதீர்கள். வாரத்தில் ஒரு மாலை அவனுக்கு மட்டும் உரியதாக இருக்கட்டும்.

கணவனும் மனைவியும் இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்; ஒருவர் முன்னிரவு, ஒருவர் பின்னிரவு. தொடர்ந்து தூங்காத தாய்க்கு ஏற்படும் மனச்சோர்வு தத்தெடுத்த தாய்க்கும் வரும். அழுகையும் எரிச்சலும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். குழந்தையின் நிலை மிக மோசமானால் எந்த அளவுக்குச் சிகிச்சையைத் தொடர்வது என்பதையும், கடினமாக இருந்தாலும், அமைதியான ஒரு நாளில் மருத்துவரோடு சேர்ந்து பேசிவிடுங்கள்.

பணமும் ஆவணங்களும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. குழந்தையின் பெயரைக் குடும்ப அட்டையில் சேர்ப்பதற்கான வழியை ஆணை கிடைத்த அன்றே தொடங்குங்கள். வேலை செய்யும் நிறுவனத்தில் குழுக் காப்பீடு இருந்தால், தத்துக் குழந்தையை எந்த நாளிலிருந்து சேர்ப்பார்கள், பிறவி நோய்க்கு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தத்தெடுப்பு விடுப்பையும் அதே கடிதத்தில் கேட்கலாம். தனியார் பாலிசி என்றால் முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதம். பெருமூளை வாதம், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தரும். வெளிநோயாளிச் செலவும் தெரபியும் அதில் அடங்கும்.

குழந்தைக்கு நிலையான குறைபாடு இருப்பதாக மருத்துவர் சொன்னால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். "பேர் கெட்டுரும்" என்று தள்ளிப்போடுவதால் இழப்பது குழந்தைதான். கடுமையான பாதிப்புக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கும் அந்த அட்டை தேவை. பயிற்சிகளுக்கு மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தை அணுகுங்கள். அங்கே பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, கண், காது சோதனைகள் கட்டணமின்றி ஒரே இடத்தில் கிடைக்கும்.

தத்து ஆணையைக் காட்டி, உங்கள் பெயர்களைப் பெற்றோராகக் கொண்ட பிறப்புச் சான்றிதழைப் பெறுங்கள். குழந்தை உங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வருவார். சிரமங்களை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள். சிகிச்சை உதவிக்கு வழி காட்டுவது பெரும்பாலும் அவர்தான்.

வெளியுலகுக்கு அனுப்புதல்

தத்தெடுக்கப்பட்டவள் என்பதை மகளிடம் அவள் பேசத் தொடங்கும் வயதிலிருந்தே கதையாகச் சொல்லுங்கள். அந்தக் கதையில் அவள் மருத்துவமனை நாட்களும் வரட்டும். நெஞ்சிலோ வயிற்றிலோ உள்ள தழும்பு எப்படி வந்தது என்று ஒருநாள் அவள் கேட்பாள். பிறந்த மருத்துவமனையின் குறிப்புகள், முதல் எடை, முதல் புகைப்படம் இவற்றைத் தத்து நிறுவனத்திடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள். சில ஆண்டுகள் கழித்துக் கேட்டால் கிடைப்பது அரிது.

அங்கன்வாடியிலோ எல்.கே.ஜி.யிலோ சேர்க்கும்போது, குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் புதிதாக எழுதி ஆசிரியரிடம் கொடுங்கள். எந்த அறிகுறி வந்தால் யாரை அழைப்பது, எந்த மருந்து பையில் எந்தப் பக்கம் இருக்கிறது, விளையாட்டில் எதற்குத் தடை, எதற்குத் தடையில்லை என்று எழுதுங்கள். தடையில்லாதவற்றைத் தவறாமல் எழுத வேண்டும். இல்லையென்றால் பயத்தால் அவளை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துக்குச் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் வருவார்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வியும் உண்டு. முதல் வாரம் ஆசிரியரோடு வகுப்பில் ஒரு மணி நேரம் இருந்து, மருந்து கொடுக்கும் முறையை அவர் கையாலேயே செய்யச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு விடுப்பு என்றால் அன்று பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்கும் அதையே கற்றுக்கொடுங்கள்.